நாற்பத்தாறாம் பக்கத்துக்கு அந்தப் பக்கம்

இந்த வருடம் அந்த அலமாரியை விடுவதில்லை என்று கண்ணாடிக்காரர் பல் துலக்கிக்கொண்டே சபதம் செய்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. அதனால் கொப்பளித்துவிட்டு இன்னொரு தரம் செய்தார்.

"இந்தத் தடவை அலமாரி எனக்குத்தான்!"

"குளியலறையில எதுக்குங்க அலமாரி?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"லைப்ரரி அலமாரி!"

"அதுவா? தெளிவாச் சொல்லக்கூடாதா? நான் சோப்பு வைக்கிறதுக்கோன்னு நினைச்சேன்."

இப்படித்தான் அவருடைய சபதங்களெல்லாம் அந்த வீட்டில் சோப்பு நுரையாகப் போகும். ஆனால் இந்த முறை மனிதர் உறுதியாக இருந்தார்.

தெருக்கோடியில் ஒரு நூலகம். கதவைத் திறந்தால் எதிரே ஓர் அலமாரி. கதைப் புத்தகங்களுக்கு அதில் இடமில்லை. தன் வரலாறு, பயணம், தொழில் அனுபவம் என்று நடந்ததை நடந்தபடி சொல்லும் புத்தகங்களுக்கு மட்டும்தான். வருடத்துக்கு ஒரு வாசகரிடம் அதை ஒப்படைப்பார்கள். அவர் நல்ல புத்தகம் என்று கைகாட்டுவதுதான் அதில் இருக்கும். மேலே பலகையில் அவர் பெயரை எழுதி, 'பரிந்துரைக்கிறார்' என்று போட்டுவிடுவார்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையும் நேர்மையானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, விரும்புகிறவர்கள் ஆளுக்கு ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும். பேசி முடித்ததும் ஒரு தாளை நீட்டுவார்கள். அந்தப் புத்தகத்தைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் வரிசையாகப் பெயர் எழுத வேண்டும். யாருடைய வரிசை நீளமோ அவருக்கு அலமாரி.

போன வருடம் அதைத் தட்டிக்கொண்டு போனவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். மேடையில் ஒரு வாக்கியம் பேசினால் இடப்பக்கம் ஒரு தரம், வலப்பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாக்கியத்துக்கு நகர்வார். அப்படிப்பட்டவரின் பெயர் பலகையில் தொங்குவதை ஒரு வருடமாகப் பார்த்துப் பார்த்துக் கண்ணாடிக்காரருக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் புத்தகம் சிபாரிசு செய்வதில் ஊரில் தன்னை அடிக்க ஆளில்லை என்பது அவருடைய நினைப்பு. நினைப்பு மட்டுமல்ல, அது உண்மையும்கூட.

அதற்குக் காரணம் அவருடைய தொழில். கண் சோதிக்க வருகிறவர்களைச் சுழல் நாற்காலியில் உட்கார வைப்பார். மூக்கின் மேல் சோதனைச் சட்டத்தை மாட்டுவார். தூரப் பார்வைக்குச் சுவரில் எழுத்துப் பலகை உண்டு. கிட்டப் பார்வைக்கு மற்ற கடைகளில் ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். இவர் புத்தகத்தைக் கொடுப்பார். அதுவும் எப்போதும் நாற்பத்தாறாம் பக்கத்தைத் திறந்து கொடுப்பார்.

ஏன் நாற்பத்தாறு? அதற்கு அவரிடம் ஒரு தத்துவம் இருந்தது. "தன் வரலாறு எழுதறவங்க நாற்பத்தஞ்சு பக்கம் வரைக்கும் தாத்தாவைப் பத்தியே எழுதுவாங்க. நாற்பத்தாறுலதான் பிறப்பாங்க."

பஸ் கண்டக்டர் ஒருவர் அப்படித்தான் ஒரு தேனீ வளர்ப்பவரின் நினைவுக் குறிப்பை உரக்க வாசித்தார். நாற்பதாயிரம் தேனீக்கள் கூட்டைவிட்டுக் கிளம்பிக் கல்யாண மண்டபத்தின் ஜன்னலுக்குள் நுழையும் இடத்தில் பக்கம் முடிந்துவிட்டது.

"எழுத்து தெளிவா இருக்கா?"

"எழுத்தை விடுங்க சார். மாப்பிள்ளை என்ன ஆனாரு?"

"லைப்ரரியில இருக்கு. எடுத்துப் படிங்க. பிரமாதம்!"

"இப்பவே சொல்லுங்க சார், தலை வெடிச்சுடும்."

"சொன்னா சுவாரசியம் போயிடும்."

கண்டக்டர் கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டு நேரே நூலகத்துக்கு ஓடினார். இப்படி ஓடியவர்கள் எத்தனையோ பேர். பள்ளிக்கூட மணியடிப்பவர் முதல் பல் டாக்டர் வரை இவர் கடையிலிருந்து பவரோடும் பதைபதைப்போடும்தான் வெளியே போனார்கள்.

மாப்பிள்ளை என்ன ஆனார் என்பது கண்ணாடிக்காரருக்கும் தெரியாது. அதுதான் விஷயம். நாற்பத்தாறாம் பக்கத்துக்கு அந்தப் பக்கம் மனிதர் எட்டிப் பார்த்ததே இல்லை. இந்தப் பக்கமும் பார்த்ததில்லை. மாலை வீட்டுக்கு வந்து, எல்லாப் புத்தகத்தையும் ஆசையோடுதான் திறப்பார். மூன்றாவது வரியில் கண் சொக்கும். நான்காவது வரியில் புத்தகம் மார்பில் கவிழும். இது தனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

மனைவிக்கு ஓர் அச்சகத்தில் வேலை. புரூஃப் பார்ப்பாள். பிழை திருத்துவதுதான் பிழைப்பு. காலையிலிருந்து மாலைவரை சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து, எங்கே ஒற்று விட்டுப் போயிற்று, எங்கே கால் விட்டுப் போயிற்று என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். இருந்தும் அவளை வாசகி என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வந்ததில்லை.

"நீ எழுத்தைப் பார்க்கறே. நான் புத்தகத்தைப் பார்க்கறேன். வித்தியாசம் இருக்கு" என்பார்.

"ஆமாங்க. பெரிய வித்தியாசம் இருக்கு" என்பாள் அவள்.

அவள் போட்டிருந்த கண்ணாடியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஊரில் அவர் மாட்டிவிட்ட கண்ணாடி இல்லாத மூக்கு அபூர்வம். ஆனால் அவர் மனைவியின் கண்ணாடியில் இடது காது பக்கத்துத் திருகாணி விழுந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. அந்த இடத்தில் கறுப்பு நூல் சுற்றியிருப்பாள். கேட்கும்போதெல்லாம் "நாளைக்குப் பார்த்துடறேன்" என்று சொல்வார். மனசார, சத்தியமாகத்தான் சொல்வார். அந்த நாளைக்கு இன்னும் விடியவில்லை, அவ்வளவுதான்.

சபதம் எடுத்த அன்று மேசையில் உட்கார்ந்ததும் அடுத்த கேள்வி எழுந்தது. எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது?

"தேனீ புத்தகம் பேசலாமா?" என்றார்.

"அதைத்தான் உங்க புண்ணியத்துல ஊரே படிச்சாச்சே. யாரும் தொடாததாப் பேசினாத்தானே வரிசை நீளும்?" என்றாள் மனைவி. "எட்டு மாசம் முன்னாடி ஒண்ணு கொடுத்தேனே. நீலக் கலர் அட்டை. எங்க அச்சகத்துல வந்தது. 'கடிகாரக்காரர் வீட்டில் இருபத்திரண்டு வருடம்'."

"ஓ! அது! பிரமாதமான புத்தகமாச்சே!"

"முடிச்சுட்டேன்னு சொல்லித்தான் திருப்பிக் கொடுத்தீங்க. கடைசி அத்தியாயத்துல கண்ணுல தண்ணி வந்துடுச்சுன்னீங்க."

"வந்துச்சே! தாரை தாரையா!"

"அது சிரிப்பு அத்தியாயமாச்சே?"

"சிரிச்சுச் சிரிச்சுத்தான் வந்துச்சு" என்றார் கண்ணாடிக்காரர். நொடியில் சமாளித்ததில் அவருக்கே தன் மேல் ஒரு மரியாதை வந்தது.

அந்தப் புத்தகம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. காரணம் வேறு. அன்று கடையில் ஒரு பெரியவருக்கு அதன் நாற்பத்தாறாம் பக்கத்தைத் திறந்து கொடுத்திருந்தார்.

"வாசிங்க."

"ஒண்ணும் தெரியலையேப்பா."

வில்லையை மாற்றினார். "இப்போ?"

"இப்பவும் ஒண்ணும் இல்லை."

பவரைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். "இப்போ?"

"வெள்ளையாத் தெரியுது."

பெரியவரின் பார்வையே போய்விட்டது என்று கண்ணாடிக்காரருக்கு வேர்த்துவிட்டது. கடைசியில் புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் நாற்பத்தாறாம் பக்கம் வெறும் வெள்ளைத் தாள். ஓர் அச்செழுத்துகூட இல்லை. அத்தோடு அதை மூடி வைத்து, ஒரு வாரம் கழித்து, "முடிச்சுட்டேன், பிரமாதம்" என்று மனைவியிடம் நீட்டிவிட்டார். அவள் அதை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டாள். அங்கே எட்டு மாதமாக யாரும் அதைத் தொடவில்லை.

ஆகவே மற்றப் புத்தகங்களிலாவது ஒரு பக்கம் தெரியும். இதில் அதுவும் கிடையாது. இருந்தாலும் அழுததாகச் சொல்லிவிட்ட புத்தகத்தை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அன்றே நூலகத்துக்குப் போய்ப் பெயரைக் கொடுத்தார். நூலக அம்மா புத்தகத்தின் பெயரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், புன்னகை செய்தார்.

"இதைப் பத்தி நீங்களா சார் பேசப் போறீங்க?"

"என்னை விட்டா யார் மேடம் பேச முடியும்?"

"அதுவும் சரிதான் சார்" என்றார் நூலக அம்மா. அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். திங்கட்கிழமை திறந்தார், தூங்கினார். செவ்வாய் நின்றுகொண்டே படித்துப் பார்த்தார். நின்றுகொண்டே தூங்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டார். வெள்ளிக்கிழமை பக்கத்துக் கடைத் தையல்காரரிடம் போய் மனம்விட்டுச் சொன்னார்.

"படிக்கலைன்னு அண்ணிகிட்டயே சொல்லிக் கதையைக் கேட்டுக்குங்கண்ணே" என்றார் தையல்காரர், வாயில் குண்டூசியோடு.

"சொன்னா என் மரியாதை என்னாகும்? இருபத்திரண்டு வருஷமாக் காப்பாத்தி வெச்சிருக்கேன்!"

"எங்கண்ணே வெச்சிருக்கீங்க?"

"விளையாடாதே. வேற வழி சொல்லு."

தையல்காரர் குண்டூசியை எடுத்துவிட்டு யோசித்தார். "அப்போ பரீட்சை வையுங்க. கேள்வி கேட்கறவருக்குப் பதில் தெரியும்னுதான் எல்லாரும் நம்புவாங்க. பள்ளிக்கூடமே அப்படித்தாண்ணே நடக்குது."

கண்ணாடிக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாள் மாலை மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நடை நடந்தார்.

"நாளைக்கு நீயும் கூட்டத்துக்கு வர்றே. யாராவது உன்கிட்ட அந்தப் புத்தகத்தைப் பத்திக் கேட்டு, நீ திருதிருன்னு முழிச்சா எனக்குத்தான் தலைகுனிவு. படிச்சிருக்கியா?"

"அச்சுக்குப் போகும்போது பார்த்தேன்."

"பார்த்தது வேற, படிச்சது வேற. சோதிச்சுப் பார்த்துடறேன். முதல் அத்தியாயத்துல என்ன நடக்குது?"

அவள் ஒரு சட்டையை நிதானமாக மடித்து வைத்தாள். "நீங்கதான் முழுசாப் படிச்சவர். நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்."

"கேள்வி கேட்கறது நான்!"

"சரிங்க சார்" என்றாள். "அந்தம்மாவுக்குத் தராசு சரிபார்க்கிற வேலை. கடை கடையாப் போய், எடை சரியா இருக்கான்னு பார்க்கணும். வீட்டுக்காரருக்குக் கடிகாரம் ரிப்பேர் பண்ற வேலை."

கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து, வாடிக்கையாளர்களுக்குப் பவர் எழுதிக் கொடுக்கும் சீட்டுகளை எடுத்து, மறுபுறத்தில் கிறுக்க ஆரம்பித்தார்.

"என்னங்க எழுதறீங்க?"

"மார்க் போடறேன். நீ சொல்லு."

அவள் சொன்னாள். எதையும் அவசரப்படாமல், இவர் பேனா ஓடி முடியும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஊரிலுள்ள கடிகாரமெல்லாம் அந்தக் கடிகாரக்காரர் கைபட்டு ஓடுகிறது. அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் மட்டும் இரண்டு வருடமாக நாலு பத்திலேயே நிற்கிறது. மனைவி கேட்டால் நாளைக்கு என்கிறார். அவளோ பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்டு மணி தெரிந்துகொண்டு வேலைக்கு ஓடுகிறாள். ஒரு கடிகாரத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், ஊரிலிருப்பவர்களிடமெல்லாம் அதை 'ஆஹா ஓஹோ' என்று புகழ்வார் அந்த மனிதர். அவர் புகழ்ந்தால் ஊர் நம்பும். அதுதான் அவருடைய திறமை.

"சே! இப்படியும் ஒரு ஆளா?" என்று எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொதித்தார் கண்ணாடிக்காரர். "அந்தாளோட அந்தம்மா எப்படித்தான் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டினாங்களோ!"

"குப்பையும் அவங்கதான் கொட்டினாங்க. அது மூணாவது அத்தியாயம்."

"இந்த மாதிரி ஆம்பளைங்களைக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"மேடையில அப்படியே சொல்லுங்க. நல்லா எடுபடும். வலிக்கிற மாதிரித் திட்டுங்க."

"உனக்கும் கொஞ்சம் ரசனை இருக்கு. சும்மா சொல்லக்கூடாது" என்றார் அவர். "நூத்துக்கு எழுபது மார்க் போட்டிருக்கேன்."

"சந்தோஷங்க. 'பொறுப்பு'க்கு வல்லின 'று' போடுங்க. இடையின 'ரு' போட்டிருக்கீங்க."

ஞாயிற்றுக்கிழமை நூலக வாசிப்பறையில் நாற்காலி போதாமல் ஜன்னல் கட்டையிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் கண்ணாடிக்காரரின் கைவண்ணத்தை மூக்கில் தாங்கியவர்கள். முதலில் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், கலங்கரை விளக்கம் கட்டிய பொறியாளர் ஒருவரின் நினைவுகளைப் பற்றி, இருபுறமும் பார்த்துப் பார்த்துப் பேசி, பத்திரமாக நிறுத்தினார். பதினாலு பெயர் சேர்ந்தது.

அடுத்து நம்மவர். புத்தகத்தை அக்குளில் இடுக்கி, சீட்டுகளைக் கையில் மறைத்துக்கொண்டு மேடை ஏறினார். முதல் இரண்டு நிமிடம் சீட்டைப் பார்த்தார். அப்புறம் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்ததும் சீட்டு தேவைப்படவில்லை.

"ஊருக்கெல்லாம் மணி காட்டறான்! வீட்டுல நாலு பத்து! ரெண்டே நிமிஷ வேலைங்க. கட்டின பொண்டாட்டி பக்கத்துலயே இருக்கா, கேட்கறா, கேட்கறா, ரெண்டு வருஷமாக் கேட்கறா! இவன் நாளைக்கு, நாளைக்குன்னு சொல்றான்!"

முன் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பஸ் கண்டக்டர் மெல்லத் திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தார். அங்கே கண்ணாடிக்காரரின் மனைவி, நூல் சுற்றிய கண்ணாடியோடு, அமைதியாக உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் பல் டாக்டரின் தோளைத் தட்டினார். பல் டாக்டரும் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாகப் பரவியது. பேச்சு எடுபடுகிறது என்று கண்ணாடிக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. குரலை இன்னும் உயர்த்தினார்.

"தூரத்துல இருக்கிறதெல்லாம் அந்தாளுக்கு நல்லாத் தெரியுது. பக்கத்துல இருக்கிறது தெரியலை. எங்க தொழில்ல இந்தக் கோளாறுக்கு ஒரு பேர் உண்டு!"

"அதுக்குக் கண்ணாடி கிடைக்குமா சார்?" என்று ஜன்னல் கட்டையிலிருந்து ஒரு குரல்.

"கிடைக்கும்! அந்தாளை என் கடைக்கு வரச் சொல்லுங்க. என் கையாலேயே மாட்டி விடறேன்!"

அறையே அதிர்ந்தது. தையல்காரர் அளவு நாடாவை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். போன வருடமும் இவ்வளவு கைதட்டல் கேட்டதில்லை என்பதைக் கண்ணாடிக்காரர் ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டார். வாத்தியாரின் முகம் சிவப்பு விளக்குப் போல இருந்தது.

"ஒரு சந்தேகம்" என்று வாத்தியார் எழுந்தார். "புத்தகத்தை முழுசாப் படிச்சீங்களா?"

"அட்டையிலேர்ந்து அட்டை வரைக்கும்! அட்டையாட்டம் ஒட்டிக்கிட்டுப் படிச்சேன்!"

"சார், எழுதின அம்மா எங்கே இருக்காங்க? பார்க்க முடியுமா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

கண்ணாடிக்காரர் பெருமூச்சு விட்டார். "எந்த ஊரோ, என்னவோ. அட்டையில இருக்கிறதும் புனைபெயர் மாதிரி தெரியுது. பாவம், இந்நேரம் அந்த மனுஷனோட மல்லுக்கட்டிக்கிட்டு இருப்பாங்க."

"இல்லை சார்" என்றார் நூலக அம்மா. "இங்கேதான் இருக்காங்க. மூணாவது வரிசை."

கண்ணாடிக்காரருக்கு மெய்சிலிர்த்தது. மூன்றாவது வரிசையில் நூலக அம்மா கைகாட்டிய பக்கம் மூன்றே பேர். தையல்காரர், தன் மனைவி, அப்புறம் வெள்ளை முடியும் தோல் பையுமாகக் கம்பீரமான ஓர் அம்மாள். மேடையிலிருந்து தாவி இறங்கி, அந்தக் கம்பீரத்தின் முன்னால் போய்க் கைகூப்பி நின்றார்.

"அம்மா! உங்களைப் பார்க்கக் கொடுத்து வெச்சிருக்கணும். அந்த ஆளோட எப்படிம்மா இத்தனை வருஷம் காலம் தள்ளினீங்க?"

"எனக்குக் கல்யாணமே ஆகலைங்களே" என்றார் அந்த அம்மாள். "நான் எதிர் மருந்துக்கடை. மூக்குல தழும்பு விழுதுன்னு போன வாரம் உங்ககிட்ட வந்தேனே?"

கண்ணாடிக்காரர் தையல்காரரைப் பார்த்தார்.

"அண்ணே, நான் இல்லைண்ணே" என்றார் தையல்காரர் அவசரமாக.

அந்த வரிசையில் பாக்கி இருந்தது ஒருத்திதான்.

அவள் எழுந்து நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. பிழை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அவள் முகத்தில் ஒரு திருப்தி வருமே, அதுதான் இருந்தது.

"முதல் பக்கத்தைத் திறந்து வாசிங்க" என்றாள். "எல்லாருக்கும் கேட்கிற மாதிரி."

அவர் திறந்தார். நாற்பத்தாறு தவிர வேறொரு பக்கத்தை அந்தப் புத்தகத்தில் அவர் விழித்த கண்ணோடு பார்ப்பது அதுதான் முதல் தடவை. வாசித்தார். குரல் போகப் போகத் தேய்ந்தது.

"'ஆட்களின் தொழில்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது. முழுவதையும் படித்துவிட்டதாகச் சொல்லப்போகும் என் கணவருக்கு, இந்தப் புத்தகம்.'"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அறை முழுக்க அவர் முகத்தையே பார்த்தது. தராசு சரிபார்ப்பவள் யார், கடிகாரக்காரன் யார், நாலு பத்தில் நின்றது எது என்று எல்லாம் ஒவ்வொன்றாக அவர் மண்டையில் வந்து உட்கார்ந்தன. அவருடைய கண் அவள் காதோரத்துக் கறுப்பு நூலில் போய் நின்றது. வெட்கத்தில் காதுமடல் சுட்டது. பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று தோன்றியது.

பூமி பிளக்கவில்லை. அதனால் வேறொன்று நடந்தது. வெட்கத்துக்கு அடியிலிருந்து இன்னொன்று கிளம்பி வந்து வாய் வழியே வெடித்தது.

"என் பொண்டாட்டி எழுதினதுங்க!" என்று கத்தினார். "இவ! என் பொண்டாட்டி! புத்தகம் எழுதியிருக்கா! எல்லாரும் படிங்க! அந்தக் கடிகாரக்காரன் நான்தான்! நான் திட்டினது அத்தனையும் நிஜம்! போய்ப் பேரை எழுதுங்க!"

இருபத்திரண்டு வருடத்தில் அவர் சொன்ன சிபாரிசுகளிலேயே அதுதான் உண்மையானது. ஜன்னல் கட்டையில் இருந்தவர்கள் குதித்து இறங்கினார்கள். நூலக அம்மா நீட்டிய தாள் பத்தாமல் இன்னொரு தாள் ஒட்ட வேண்டியதாயிற்று. முப்பத்தெட்டுப் பெயர். அலமாரி கண்ணாடிக்காரருக்கு!

பலகையில் எழுதுவதற்காக நூலக அம்மா பேனாவை எடுத்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள்.

"'பரிந்துரைக்கிறார்'னு தாராளமாப் போடுங்க மேடம். ஆனா கொஞ்சம் புரிஞ்சும் உரைக்கணும்னு அவர்கிட்ட சொல்லி வையுங்க."

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். வழியில் எதிர்ப்பட்ட இரண்டு பேரிடம், "இவங்க எழுத்தாளர்" என்று அவளை அறிமுகப்படுத்தினார். அதில் ஒருவர் அவளுடைய சொந்தத் தம்பி.

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கடைசியில் கேட்டார்.

"நீங்களாக் கண்டுபிடிப்பீங்கன்னு பார்த்தேன். எட்டு மாசம் பார்த்தேன்." அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அதுவரைக்கும் யாரும் அதைத் தொடலை. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரே படிக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா உங்களைப் படிக்க வைக்க முடியாது. அதான் பேச வெச்சேன்."

"அந்த நாற்பத்தாறாம் பக்கம்…"

"வெறுமையா விடச் சொன்னது நான்தான். எழுத்துப் போட்டிருந்தா, அதையும் யார் கையிலயாவது கொடுத்து வாசிக்கச் சொல்லிட்டு மூடி வெச்சிருப்பீங்க. எழுத்து இல்லைன்னா பக்கத்தைப் புரட்டுவீங்கன்னு நினைச்சேன்."

"தெரியுமா உனக்கு? நாற்பத்தாறு விஷயம்?"

"பதினஞ்சு வருஷமா, வீட்டுக்கு வர்ற எல்லாப் புத்தகத்துலயும் அந்த ஒரே பக்கத்துலதான் உங்க விரல் அழுக்கு இருக்கு. நான் புரூஃப் பார்க்கிறவளாச்சே."

அவர் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் தொடர்ந்தாள். "ஆனா ஒண்ணு. இன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான்தான்னு ஒத்துக்கிட்டீங்க பாருங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு."

அது போதும். மனிதர் நிமிர்ந்தார். நேரே கடைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஷட்டரைத் தூக்கினார். அவளைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்தார். பழைய கண்ணாடியை வாங்கி, கறுப்பு நூலை வெட்டி, பொடித் திருகாணி ஒன்றை இடுக்கியால் எடுத்து முடுக்கினார். வில்லையைத் துடைத்தார். எல்லாம் சேர்த்து இரண்டே நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் அவரால் தலைநிமிர முடியவில்லை.

"புது ஃபிரேம் நாளைக்கு…" என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "இப்பவே எடுத்துக்கோ. கடையில எது பிடிக்குதோ அது."

கண்ணாடியை அவரே அவள் காதில் பொறுமையாக மாட்டிவிட்டார்.

"இன்னொரு முடிவும் எடுத்துட்டேன். சத்தியமாச் சொல்றேன், இன்னைக்கே உன் புத்தகத்தை முதல் எழுத்துலேர்ந்து கடைசி எழுத்து வரைக்கும் படிக்கப் போறேன். தூக்கம் வந்தா கண்ணுல தண்ணி தெளிச்சுக்கிட்டுப் படிப்பேன். புத்தகத்தை எடு."

"லைப்ரரியில கொடுத்துட்டேனே."

"வேற பிரதி?"

"இருந்தது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் வெளியூர் போய் வித்துப்போச்சு."

"அதனால என்ன? அலமாரியே என்னுது! போய் எடுத்துட்டு வரேன்."

"வேண்டாங்க. நீங்க கேட்பீங்கன்னு தெரிஞ்சுதான் உங்களுக்காகவும் ஒரு ஏற்பாடு பண்ணிட்டு வந்தேன்" என்று கைப்பையிலிருந்து நூலகத்துச் சீட்டு ஒன்றை எடுத்தாள். புதிதாகத் திருகாணி போட்ட கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அதைக் கிட்டத்தில் பிடித்து உரக்க வாசித்தாள்.

"'முதல் வாசகர், டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். உங்கள் வரிசை எண், முப்பத்தொன்பது.' எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுதுங்க."